மாடல் கார் கட்டத் திரும்புகிறவர்களுக்கு: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வயது நாற்பத்திரண்டு. பத்து வயதில், சவுதியிலிருந்து மாமா கொண்டுவந்த பிளாஸ்டிக் கார் ஒன்றைத் தரையில் உட்கார்ந்து ஒட்டிக் கட்டியவர். முப்பது வருடம் கழித்து மறுபடி ஆசை வந்திருக்கிறது. "கட்டும் பாகங்களோடு பெட்டியில் வரும் ஜப்பான் கிட் ஒன்று வாங்கவா? மகனின் பழைய இரும்புக் காரைப் பிரித்துப் பெயிண்ட் அடிக்கவா? இல்லாவிட்டால் டின்மீன் டப்பாவில் லொறி செய்தோமே, அந்த மாதிரி கையாலேயே செய்யவா?" இதுதான் கேள்வி. இதே கேள்வியை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள நண்பர்கள் இரண்டு மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மில் பலர் பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். நானும் அப்படித்தான் முதல் கிட்டை வாங்கினேன். அது இரண்டு வருடம் அலுமாரியின் மேல் கிடந்தது. கார் அழகானதுதான். ஆனால் என் வீட்டுக்கும், தலவாக்கலை மழைக்கும், எனக்குக் கிடைக்கும் இரவு ஒரு மணி நேரத்துக்கும் அது பொருந்தவில்லை.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

முழுச் செலவு. பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். பசை, கட்டர், கத்தி, சேண்ட் பேப்பர், ப்ரைமர் (அடிப்பூச்சு), பெயிண்ட், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தீர்ந்தால் எங்கே வாங்குவது? கிட் தபாலில் வந்துவிடும். ஸ்ப்ரே டின் விமானத் தபாலில் வராது. எளிதில் தீப்பிடிக்கும் பசைக்கும் அதே தடைதான். கொழும்புக்கோ கண்டிக்கோ போகும்போது நாமே வாங்கி வர வேண்டும், அல்லது போகிறவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அறையும் காற்றும். இங்கே இரவுக் குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துத்தான் தூங்குகிறோம். ஒரே காம்பராவில் பிள்ளைகளும் படுக்கிறார்கள். பக்கத்தில் அடுப்பு எரிகிறது. இந்த நிலையில் தின்னர் வாசனை வரும் எந்த வேலையையும் வீட்டுக்குள் செய்யக் கூடாது. துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும்.

ஈரம். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். மலையகத்தில் இருப்பவருக்கு இதுதான் பெரிய விஷயம்.

கண்ணும் கையும். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கும். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்றும், நல்ல மேசை விளக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் இந்த இரண்டும் வேண்டும்.

முடிப்பீர்களா? திரும்பி வருகிறவர் முதல் காரை முடித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாதியில் நின்ற கார் அடுத்ததைத் தொட விடாது.

## மழையும் ஸ்ப்ரேயும்

ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அப்போது வெண்மையாகப் பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும். ஒரு ஜூன் மாதம், மழை விட்டிருந்த அரை மணி நேரத்தில், வராந்தாவில் வைத்து ஒரு நீல நிறக் காருக்குக் கிளியர் அடித்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காரின் கூரை முழுக்கப் பனி மூடியது போல இருந்தது. நன்றாகக் காயவிட்டு, 2000 நம்பர் சேண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வெயில் வந்த ஒரு நாளில் மெல்லிசாக மறுபடி அடித்த பிறகுதான் சரியானது.

நமக்கு வசதியான ஒன்று உண்டு: மலையின் இரண்டு பக்கமும் ஒரே காலத்தில் நனைவதில்லை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் ஸ்ப்ரேக்கு நல்ல காலம், அதுவும் பனி விலகிய பிறகு, பத்து மணிக்கு மேல். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வருடக் கடைசி மாதங்களில் மழை பிடிக்கும், ஜூன் ஜூலையில் காய்ந்து கிடக்கும். எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்த மாதத்தில் எந்த வேலை என்று வைத்துக்கொள்ள வேண்டும். மழை மாதங்களில், வராந்தா போன்ற கூரையுள்ள வெளியிடத்தில் வைத்து, வெட்டுவது, ஒட்டுவது, உள்பக்கத்துக்குத் தூரிகையால் பெயிண்ட் பூசுவது. காய்ந்த மாதங்களில் மேல்பூச்சு.

## வழி 1: ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட்

டமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று ஜப்பான் நிறுவனங்கள் செய்யும் கார் கிட்கள் பெரும்பாலும் 1/24 அளவு. அமெரிக்கக் கிட்கள் 1/25. நிஜக் காரில் 24 சென்றிமீற்றர் இருப்பது மாடலில் 1 சென்றிமீற்றர். பழைய மினி கார் 3.05 மீற்றர் நீளம், ஆக மாடலில் ஏறக்குறைய 12.7 சென்றிமீற்றர். உள்ளங்கையில் நிற்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 17 சென்றிமீற்றர் வரும். இந்த இரண்டையும் டமியா செய்திருக்கிறது. நம் ஊர் ரோட்டில் ஓடிப் பார்த்த கார்கள் என்பதால் முதல் கிட்டாக எடுக்க இவை நல்லவை.

இந்தக் கிட்டின் பசை உண்மையில் பசையே இல்லை. இரண்டு பாகங்களின் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கும் திரவம். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லிய பசையில் தோய்த்த தூரிகையின் நுனியை இடைவெளியில் தொட்டால் போதும், அது தானாகவே உள்ளே ஓடிவிடும். சின்ன வயதில் ட்யூபைப் பிதுக்கி, விரல் ரேகை எல்லாம் காரில் பதித்தோமே, அந்தத் தொல்லை இனி இல்லை. முப்பது வருடத்தில் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பெரிதாகத் தெரிந்த மாற்றம் இதுதான்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். முதல் கிட்டுக்குக் கொடுக்கும் விலை அளவுக்கு இன்னொரு தொகை ஆயுதங்களுக்கும் பெயிண்டுக்கும் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிட்டுக்கு அவ்வளவு ஆகாது. பாடிக்கு ப்ரைமர் இரண்டு பூச்சு, நிறம் மூன்று நான்கு மெல்லிய பூச்சு, மேலே கிளியர். இதற்கே மூன்று டின். ஆயுதத்தில் ஒன்றில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்: பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் ஃபிரேமிலிருந்து வெட்டி எடுக்கும் சைட் கட்டர். மழுங்கிய கட்டர் பிளாஸ்டிக்கைப் பிய்த்து வெள்ளைக் காயம் உண்டாக்கும். அதை ஆற்றவே ஒரு இரவு போய்விடும்.

இரண்டு விஷயத்தில் புதிதாகத் திரும்புகிறவர் அடிபடுவார். ஒன்று, கண்ணாடி. ஜன்னலை சூப்பர் க்ளூவால் ஒட்டினால் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் தெரியாது. மற்றது, பளபளக்கும் குரோம் பாகங்கள். குரோம் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் கத்தியால் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும்.

யாருக்கு நல்லது? வாரத்தில் மூன்று நான்கு இரவு கிடைப்பவருக்கு, ஸ்ப்ரே அடிக்க வெளியில் ஒரு கொட்டகையோ வராந்தாவோ உள்ளவருக்கு, காய்ந்த மாதம் வரும்வரை பொறுத்திருக்கக் கூடியவருக்கு. என்ஜின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் எல்லாக் கிட்டிலும் என்ஜின் வராது. வாங்கும் முன் விசாரியுங்கள்.

## வழி 2: அழுத்திப் பொருத்தும் ஸ்னாப் கிட்

பசை இல்லை, பெயிண்ட் இல்லை. பிளாஸ்டிக்கே நிறத்தில் வார்க்கப்பட்டிருக்கும். அவோஷிமா 1/32 அளவில் செய்யும் வரிசை ஒன்றில் சுசுகி ஜிம்னியும் இருக்கிறது. நம் தோட்டப் பாதைகளில் ஏறி இறங்கும் அதே வண்டி. ஏர்ஃபிக்ஸ் செய்யும் குவிக்பில்ட் இன்னும் எளிது, கட்டைகளைச் சேர்ப்பது போலச் சேர்க்கலாம். ஆனால் கட்டைகளின் இணைப்புக் கோடுகள் வெளியில் தெரியும்.

கொட்டும் மழையில், கதவை அடைத்த அறையில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியது நான்கில் இது ஒன்றுதான். ஒன்றிரண்டு மாலையில் முடிந்துவிடும். குறை என்னவென்றால், ஒரு முறை முடித்தபின் கை இன்னும் கேட்கும். பெயிண்ட் அடிக்கும் திறமை இதில் வளராது. மாடலின் அளவோடு பார்த்தால் விலையும் மலிவில்லை. கை வருமா வராதா என்று தயங்குகிறவர் இதில் தொடங்கட்டும்.

## வழி 3: டைகாஸ்ட் காரைப் பிரித்துப் புதிதாக்குவது

நம் பிள்ளைகள் விளையாடி, மூலைகளில் பெயிண்ட் உதிர்ந்து கிடக்கும் சின்ன இரும்புக் கார்கள். உண்மையில் இரும்பு இல்லை, அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை, அதுதான் டைகாஸ்ட். காந்தம் ஒட்டாது. 1/64 அளவில் ஃபேன்ஸிக் கடைகளில் கிடைக்கும். 1/43 அளவில் இன்னும் நுணுக்கமானவை உண்டு. மொரிஸ் மைனர் மேல் ஆசை உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர். அதை 1/43 அளவில் கோர்கியின் வான்கார்ட்ஸ் வரிசை செய்திருக்கிறது, ஏறக்குறைய 8.7 சென்றிமீற்றர். (மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் அதற்கு முன் மைனரையும் வடிவமைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்த உருண்டை முகங்களில் ஒரு கையின் சாயல் தெரியும்.)

வேலை இப்படி. 1/64 காரைத் திருப்பினால் அடியில் பெரும்பாலும் இரண்டு ரிவெட் இருக்கும். 3 மில்லிமீற்றர் ட்ரில்லை ரிவெட்டின் நடுவில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். காளான் தலை போல இருக்கும் விளிம்பு சுருள் சுருளாகக் கழன்று வரும். அது போனதும் நிறுத்திவிட வேண்டும், ஆழமாகத் துளைத்தால் பாடியைத் திரும்பப் பூட்ட இடம் இருக்காது. பிரித்த பாடியைப் பெயிண்ட் ரிமூவரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்து, சட்டி கழுவும் சோப்பால் கழுவிக் காயவைத்தால் வெள்ளி போல ஒரு வெற்றுக் கார் கையில் கிடைக்கும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த கணம் அதுதான்.

மறைந்த செலவு: ட்ரில், ரிமூவர், ரப்பர் கையுறை. ரிமூவர் தோலைச் சுடும், கட்டாயம் வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். வெற்று உலோகத்தில் ப்ரைமர் இல்லாமல் பெயிண்ட் அடித்தால் நகத்தால் கீறினாலே உரிந்து வரும். அப்புறம், பழைய காரில் அச்சடித்திருந்த எழுத்தும் கோடும் ரிமூவரோடு போய்விடும், திரும்ப வராது. அரிய கார் என்றால் தொடாதீர்கள்.

ஆனாலும் பெயிண்ட் அடிக்கப் பழகுவதற்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. பாடி கைக்கடக்கமானது, ஒரு டின் ஸ்ப்ரே பல கார்களுக்கு வரும். பிழைவிட்டால் மறுபடி ரிமூவரில் போடலாம். பிளாஸ்டிக்கில் அது முடியாது, ரிமூவர் பாடியையே தின்றுவிடும்.

## வழி 4: கையால், ஒன்றுமில்லாததிலிருந்து

டின்மீன் டப்பாவும் தேய்ந்த செருப்பு வெட்டிய சக்கரமுமாக லொறி ஓட்டிய தலைமுறை நாம். கிட் கட்டியவர்கள் மட்டும்தான் "திரும்பி வருகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம். அந்த லொறியைச் செய்தவர்களும் இதே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள்.

இந்த வழிக்கு ஒரு பெரிய காரணம் இருக்கிறது. தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறியையோ, ஹட்டன் டவுனிலிருந்து மஸ்கெலியாவுக்கு வளைந்து வளைந்து போகும் சிவப்புப் பஸ்ஸையோ நான் எந்தக் கிட் பெட்டியிலும் கண்டதில்லை. அவை வேண்டுமென்றால் நாமேதான் செய்ய வேண்டும்.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது அந்த லொறிதான். அளக்கும் டேப்புடன் பங்களாவடியில் நின்ற லொறியைச் சுற்றி வந்தபோது ட்ரைவர் அண்ணன், "என்ன சேர், லொறி வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பின்பக்கத் தட்டின் பலகைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுவரை அளந்து கொடுத்தார்.

அளவை 1/32 என்று வைத்தேன், சக்கரத்துக்காக. 20 அங்குல ரிம்மில் பூட்டும் லொறி டயரின் முழு விட்டம் ஏறக்குறைய ஒரு மீற்றர். 32-ஆல் வகுத்தால் 3 சென்றிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். சோடாப் போத்தலின் பிளாஸ்டிக் மூடியும் ஏறக்குறைய 3 சென்றிமீற்றர்! அதன் மேல் சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ஒரு வளையத்தை இழுத்து மாட்டினால் டயர் தயார். மூடியின் பிளாஸ்டிக்கில் பசையும் சரியாகப் பிடிக்காது, பெயிண்டும் நிற்காது. ஆனால் ரப்பர் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் தெரியும் வட்டத்தை அட்டையில் வெட்டி உள்ளே செருகிவிட்டேன்.

பாடிக்கு என்ன? யோகட் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், கிட் பிளாஸ்டிக்கின் அதே இனம். கிட் பசையாலேயே ஒட்டலாம். பழைய வங்கி அட்டை 0.76 மில்லிமீற்றர் தடிப்பு, கதவுக்கும் பக்கத் தட்டுக்கும் அளவானது. ஆனால் அது பெரும்பாலும் பிவிசி, அதற்கு சூப்பர் க்ளூதான். கலண்டர் அட்டை எங்கும் கிடைக்கும், ஆனால் நம் பனியில் அது ஊதிவிடும். வெட்டியவுடன் விளிம்புகளில் மெல்லிய சூப்பர் க்ளூவை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசினால் நிற்கும். வேலை இல்லாத நேரத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட பிஸ்கட் டின்னில் மூடி வைக்கிறேன்.

இந்த வழியில் காசு போவதில்லை, நேரம்தான் போகும். என் லொறி எட்டு மாதமாக நடக்கிறது, இன்னும் முன்கதவு வைக்கவில்லை. படம் இல்லை, வழிகாட்டித் தாள் இல்லை. ஒரு கதவைத் தவறாக வெட்டினால் நாமேதான் மறுபடி வெட்ட வேண்டும். முதல் வேலையாக இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். தச்சு வேலை, தையல், தகர வேலை என்று கையால் செய்யும் தொழிலில் இருப்பவர் மட்டும் நேரே இதற்கு வரலாம். அவருக்கு அளந்து வெட்டுவது பழக்கம்.

## ஒரே பார்வையில்

மாலைகளின் கணக்கு என் அனுபவத்தில் வந்தது, ஒரு மாலை என்றால் ஒரு மணி நேரம்.

| | ஒட்டும் கிட் | ஸ்னாப் கிட் | டைகாஸ்ட் | கையால் |
|---|---|---|---|---|
| முதல் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு |
| எங்கே கிடைக்கும் | கொழும்பு, தபால் | கொழும்பு, தபால் | எல்லா டவுனிலும் | வீட்டிலேயே |
| வாசனை | அதிகம் | இல்லை | அதிகம் | பசையைப் பொறுத்து |
| மழை மாதத்தில் | பாதி வேலை முடியும் | முழுதும் முடியும் | பிரிப்பது மட்டும் | அட்டை என்றால் கவனம் |
| மாலைகள் | 30 முதல் 40 | 1 அல்லது 2 | 5 முதல் 8 | மாதக் கணக்கு |

காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் பற்றியும் கேட்கிறார்கள். கம்ப்ரஸரோடு சேர்த்தால் பல கிட்களின் விலை. நான்கைந்து கார் முடித்த பிறகு யோசியுங்கள். தூரிகையால் பூசுவதென்றால் ஒரு குறிப்பு: டமியாவின் அக்ரிலிக் பெயிண்ட் ஆல்கஹால் கலந்தது, இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கிளப்பிவிடும். தண்ணீர் கலந்து பூசும் வயெஹோ போன்ற நிறுவனங்களின் பெயிண்ட் தூரிகைக்கு நன்றாக வரும்.

## ஆக, பண்டாரவளைக்காரருக்கு

முதலில் மகனின் பழைய காரில் ஒன்றை அவனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்குங்கள், அது அவனுடையது. இரண்டு பேருமாகப் பிரித்து, நிறத்தை அவனையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். அது முடிவதற்குள் கை திரும்பியதா இல்லையா என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஜப்பான் கிட்டை வாங்குங்கள், ஸ்ப்ரே டின் மூன்றையும் கொழும்பிலிருந்து ஒரே தடவையில் எடுத்து வாருங்கள். கிட்டை ஜனவரியில் தொடங்கினால் ஒட்டும் வேலையும் உள்பக்கமும் மே மாதத்துக்குள் முடிந்துவிடும். ஜூனில் உங்கள் பக்கம் வானம் தெளிந்திருக்கும், ஆனால் காற்றும் அப்போதுதான் பலமாக வீசும், ஈரமான பெயிண்டில் தூசி வந்து ஒட்டும். அதனால் காலையில், காற்று எழும்பும் முன், ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அதற்குள் காரை வைத்து அடியுங்கள். அடித்ததும் பெட்டியின் வாயை மூடிவிட்டு, மறுநாள்வரை திறக்காமல் இருங்கள்.